ஸ்டீம் டெக், மடிக்கணினி, விமானப் பயணம்: மூன்றுக்கும் ஒத்துவரும் பவர் பேங்க்கை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து கோத்தா கினபாலுவில் உள்ள மலேசிய சபா பல்கலைக்கழகத்துக்குப் போகும் ஒரு மாணவரின் பயணத்தை யோசித்துப் பாருங்கள். வீட்டிலிருந்து தெலுக் இந்தான், அங்கிருந்து பேருந்தில் கோலாலம்பூர், பிறகு கேஎல்ஐஏ, அதற்கப்புறம் இரண்டரை மணி நேர விமானம். காலையில் கிளம்பினால் விடுதி அறையின் பிளக் பாயிண்ட்டைப் பார்க்க இரவாகிவிடும். பையில் மடிக்கணினி, கைப்பேசி, கூடவே ஒரு ஸ்டீம் டெக்கோ நிண்டெண்டோ சுவிட்ச்சோ இருந்தால், "பெரிய பவர் பேங்க் ஒன்னு வாங்கிட்டா போதும்" என்று தோன்றுவது இயல்புதான்.

அந்தப் "பெரிய" என்ற சொல்லில்தான் சிக்கல். இணையக் கடைகளில் 50,000 எம்ஏஎச், 80,000 எம்ஏஎச் என்று போட்டு, பார்சல் செலவும் சேர்த்து மிகக் குறைந்த விலைக்குப் பவர் பேங்க்குகள் கிடைக்கின்றன. அந்த எண் உண்மையாக இருந்தால் அதை விமானத்தில் கொண்டு போகவே முடியாது. பொய்யாக இருந்தால் உங்கள் காசு போச்சு. எப்படிப் பார்த்தாலும் நட்டம் வாங்குபவருக்குத்தான். அதனால் கடைக்குப் போகும் முன் மூன்று எண்களைப் புரிந்துகொள்வது நல்லது: வாட்-மணி, வாட், அப்புறம் கிராம். ஆமாம், கிராம்தான். எடை சொல்லும் கதையைப் பிறகு பார்ப்போம்.

எம்ஏஎச் ஏன் ஏமாற்றுகிறது?

எம்ஏஎச் என்பது மில்லி ஆம்பியர் மணி. பேட்டரிக்குள் எவ்வளவு மின்னூட்டம் இருக்கிறது என்று அது சொல்லும். ஆனால் எந்த வோல்டேஜில் என்று சொல்லாது. பவர் பேங்க்குக்குள் இருக்கும் லித்தியம்-அயன் செல்கள் சராசரியாக 3.6 அல்லது 3.7 வோல்ட்டில் இயங்குகின்றன. உங்கள் மடிக்கணினியோ 20 வோல்ட்டில் சார்ஜ் ஆகிறது. ஆக, பெட்டியில் அச்சிட்ட 20,000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட் கணக்கு. 20 வோல்ட்டுக்கு ஏற்றினால் அதே சக்தி 3,700 எம்ஏஎச் மட்டும்தான். யாரும் எதையும் திருடவில்லை. அளவுகோல்தான் மாறிவிட்டது.

எல்லாக் கருவிக்கும் பொதுவாகப் பேசும் அளவு வாட்-மணி. கணக்கு எளிது: எம்ஏஎச்சை வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுக்க வேண்டும். 10,000 எம்ஏஎச் என்றால் 37 வாட்-மணி. 20,000 என்றால் 74. 27,000 என்றால் 99.9. இந்தக் கடைசி எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் தேவைப்படும்.

அந்த 74 வாட்-மணியும் முழுசாக உங்கள் கைக்கு வராது. 3.7 வோல்ட்டை 9, 15, 20 என்று ஏற்றும்போது கொஞ்சம் சக்தி வெப்பமாகப் போய்விடும். கேபிளிலும் போகும், கருவியின் உள்ளேயும் போகும். நல்ல பவர் பேங்க்காக இருந்தால் அச்சிட்டதில் 80 முதல் 85 விழுக்காடு வெளியே வரும் என்று வைத்துக்கொள்ளலாம். 74-இல் சுமார் 60. ஒழுங்கான நிறுவனங்கள் இதை மறைப்பதில்லை. பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில், 5 வோல்ட்டில் இத்தனை எம்ஏஎச்தான் கிடைக்கும் என்று இன்னொரு எண் இருக்கும். முன்பக்க எண்ணைவிட அது மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தால் பயப்பட வேண்டாம், அதுதான் நேர்மை. அந்த எண்ணே இல்லாத பெட்டியைப் பார்த்தால்தான் யோசிக்க வேண்டும்.

உங்கள் கருவிக்கு எவ்வளவு தேவை?

இப்போ கையில் இருக்கும் கருவியைப் பார்ப்போம். முதலில் வந்த ஸ்டீம் டெக்கில் 40 வாட்-மணி பேட்டரி. ஓலெட் திரை கொண்ட புதிய வகையில் 50. ஆசுஸ் ஆர்ஓஜி அலையில் 40, அதன் அடுத்த வடிவமான அலை எக்ஸில் 80. லெனோவோ லீஜியன் கோவில் 49.2. பழைய நிண்டெண்டோ சுவிட்ச்சில் வெறும் 16தான். 13 அங்குல மேக்புக் ஏர் எம்2, எம்3 வகைகளில் 52.6.

20,000 எம்ஏஎச் பவர் பேங்க்கிலிருந்து கிடைக்கும் 60 வாட்-மணியை இவற்றோடு வைத்துப் பாருங்கள். சுவிட்ச்சை மூன்று தடவை நிரப்பலாம். ஸ்டீம் டெக் ஓலெட்டை ஒரு தடவை. மேக்புக் ஏரை ஏறக்குறைய ஒரு தடவை. அலை எக்ஸை ஒரு தடவைகூட முழுசாக நிரப்ப முடியாது. பலரும் "20,000 வாங்கினேன், ஒரு தடவைதான் ஏறுது, போலியா?" என்று கேட்பது இதனால்தான். பெரும்பாலும் போலி இல்லை, கணக்கே அப்படித்தான்.

விளையாடிக்கொண்டே சார்ஜ் செய்தால் கணக்கு இன்னும் மாறும். ஸ்டீம் டெக் கனமான கேம் ஓடும்போது மொத்தமாக 20 முதல் 25 வாட் வரை இழுக்கும். அந்த வேகத்தில் 60 வாட்-மணி என்பது கூடுதலாக இரண்டரை மணி நேர விளையாட்டு. சின்ன இண்டி கேம் என்றால் 8, 10 வாட் போதும். ஐந்தாறு மணி நேரம் தாங்கும். எத்தனை தடவை நிரம்பும் என்று கேட்பதைவிட, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்பதே பயணத்துக்குப் பொருத்தமான கேள்வி. பேட்டரி அளவை உங்கள் கருவி சராசரியாக இழுக்கும் வாட்டால் வகுத்தால் பதில் வந்துவிடும். ஸ்டீம் டெக்கில் செயல்திறன் விவரத்தைத் திரையில் காட்டும் வசதி இருக்கிறது. வாங்கும் முன் ஒரு மணி நேரம் விளையாடி, அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேமிங் மடிக்கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு கசப்பான செய்தி. தனி கிராஃபிக்ஸ் கார்டு கொண்ட மடிக்கணினிகள் விளையாடும்போது 150 வாட், 200 வாட் என்று இழுக்கும். அவற்றோடு வரும் செங்கல் மாதிரியான சார்ஜரைப் பார்த்தாலே தெரியும். பவர் பேங்க்கை வைத்து அதில் கேம் ஆட நினைப்பது, லாரித் தொட்டியை மோட்டார்சைக்கிள் பெட்ரோலால் நிரப்புவது போல. அசைன்மென்ட் எழுதவும் இணையத்தில் தேடவும் மட்டும் பயன்படுத்தினால் உதவும். அதற்கும் உங்கள் மடிக்கணினியின் யுஎஸ்பி-சி துளை சார்ஜ் ஏற்றுக்கொள்ளும் வகையா என்று முதலில் பாருங்கள். சில மாடல்களில் அந்தத் துளை டேட்டாவுக்கு மட்டும்தான்.

வாட்: வேகத்தைத் தீர்மானிக்கும் எண்

வாட்-மணி தொட்டியின் அளவு என்றால், வாட் என்பது குழாயின் அகலம். தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் குழாய் சின்னதாக இருந்தால் தண்ணீர் சொட்டு சொட்டாகத்தான் வரும்.

ஸ்டீம் டெக்கோடு வரும் சார்ஜர் 45 வாட். ஆர்ஓஜி அலைக்கும் லீஜியன் கோவுக்கும் 65 வாட். பழைய சுவிட்ச்சைக் கையில் வைத்து ஆடுவதற்குக் குறைந்த வாட் போதும். ஆனால் டாக்கில் வைத்துத் தொலைக்காட்சியில் ஆட வேண்டுமென்றால் 15 வோல்ட்டில் 39 வாட் கேட்கும். 2025 ஜூன் மாதம் வந்த சுவிட்ச் 2-க்கு 60 வாட் சார்ஜர். மெல்லிய மடிக்கணினிகள் பலவும் 45 அல்லது 65 வாட்டில் திருப்தி அடைந்துவிடும். 10 வாட், 18 வாட் மட்டும் தரும் பவர் பேங்க்கைச் செருகினால் சில மடிக்கணினிகள் "சார்ஜர் மெதுவானது" என்று திரையில் எச்சரிக்கும். சில, கண்டுகொள்ளவே கொள்ளாது.

பெட்டியில் தேட வேண்டிய சொல் "பவர் டெலிவரி", சுருக்கமாக பிடி. யுஎஸ்பி-சி வழியாக 5, 9, 15, 20 வோல்ட் என்று கருவியும் சார்ஜரும் பேசி முடிவெடுக்கும் முறை அது. 2021-இல் வந்த பிடி 3.1, உச்ச அளவை 240 வாட் வரை கொண்டு போனது. "ஃபாஸ்ட் சார்ஜிங்", "சூப்பர் சார்ஜ்" என்று மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் அது ஏதோ ஒரு கைப்பேசி நிறுவனத்தின் சொந்த முறையாக இருக்கலாம். உங்கள் ஸ்டீம் டெக்குக்கு அந்த மொழி புரியாது.

இங்கே ஒரு சின்னத் தந்திரம் நடக்கிறது. பெட்டியின் முன்னால் "140 வாட்" என்று இருக்கும். திருப்பிப் பார்த்தால் அது எல்லாத் துளைகளும் சேர்ந்த மொத்தம். ஒரு துளை மட்டும் 100 வாட் தரும். இரண்டாவதில் கைப்பேசியைச் செருகியதும் முதல் துளை 65-க்கு இறங்கிவிடும். மடிக்கணினிக்கு 65 வேண்டும், கைப்பேசிக்கும் கொஞ்சம் வேண்டும் என்றால், இரண்டு துளையும் ஒரே நேரத்தில் ஓடும்போது எவ்வளவு கிடைக்கும் என்ற வரியைத்தான் நீங்கள் படிக்க வேண்டும்.

பவர் பேங்க் தானே நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பலர் கேட்பதே இல்லை. உள்ளே எடுக்கும் வேகம் 18 வாட் மட்டும் என்றால் 20,000 எம்ஏஎச் நிரம்ப ஐந்து மணி நேரம் போல ஆகும். 65 வாட் எடுக்கும் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். காலையில்தான் ஞாபகம் வந்தது, பேருந்து பத்து மணிக்கு என்றால் இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

கேபிளும் கணக்கில் உண்டு. சாதாரண யுஎஸ்பி-சி கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். அதன் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருந்து "நான் தாங்குவேன்" என்று சொல்லும். அந்த சிப் இல்லாவிட்டால் 100 வாட் பவர் பேங்க்கும் 60-இல் நின்றுவிடும். பாசார் மாலாமில் ஐந்து வெள்ளிக்குக் கிடைக்கும் கேபிள்களில் பெரும்பாலும் இது இருக்காது.

100 வாட்-மணி: ஏன் இந்த எல்லை?

2025 ஜனவரி 28 இரவு, தென்கொரியாவின் பூசானில் உள்ள கிம்ஹே விமான நிலையத்தில் ஹாங்காங் புறப்படத் தயாராக இருந்த ஏர் பூசான் விமானத்தில் தீப்பிடித்தது. உள்ளே 176 பேர். அனைவரும் உயிரோடு வெளியேறினார்கள், விமானம் மட்டும் எரிந்து நாசமானது. மேல் பெட்டியில் வைத்திருந்த ஒரு பவர் பேங்க்கின் உள்ளே மின்காப்பு சிதைந்தது காரணமாக இருக்கலாம் என்று கொரிய அதிகாரிகள் அந்த ஆண்டு மார்ச் மாதம் தெரிவித்தனர்.

அதன் பிறகு ஆசிய விமான நிறுவனங்கள் வரிசையாக விதிகளை இறுக்கின. மலேசியா ஏர்லைன்ஸ், ஃபயர்ஃபிளை, மாஸ்விங்ஸ் ஆகிய மூன்றும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்க்கைப் பயன்படுத்துவதையும் அதைச் சார்ஜ் செய்வதையும் தடை செய்தன. மேல் பெட்டியிலும் வைக்கக் கூடாது. கைக்கு எட்டும் இடத்தில், இருக்கைக்குக் கீழோ முன் பையிலோ இருக்க வேண்டும். அதே காலகட்டத்தில் ஏர்ஆசியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், தாய் ஏர்வேஸ் ஆகியவையும் இதே வழியில் போயின.

அளவு விதி அதற்கும் முன்பிருந்தே உள்ளது. 100 வாட்-மணி வரை அனுமதி கேட்காமல் கைப்பையில் எடுத்துப் போகலாம். 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160-ஐத் தாண்டினால் கிடையவே கிடையாது. சரக்குப் பெட்டியில் போடுவது எந்த அளவுக்கும் கிடையாது, ஏனென்றால் அங்கே தீப்பிடித்தால் யாரும் கை வைக்க முடியாது. சில பெரிய மடிக்கணினிகளின் பேட்டரி ஏன் சரியாக 99 அல்லது 100 வாட்-மணியில் வந்து நிற்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? 16 அங்குல மேக்புக் புரோவின் பேட்டரி 100-ஐ ஒட்டி நிற்பது தற்செயல் இல்லை.

இப்போது முதலில் பார்த்த கணக்குக்கு வருவோம். 27,000 எம்ஏஎச் என்றால் 99.9. இதுதான் கேள்வி கேட்காமல் ஏற்றக்கூடிய உச்சம். 30,000 என்றால் 111, அனுமதி வேண்டும். 50,000 என்றால் 185, வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். சபாவிலோ சரவாக்கிலோ படிப்பவர்கள், தீபாவளிக்கு வீடு திரும்புபவர்கள், 25,000-க்கும் 27,000-க்கும் இடையில் நின்றுகொள்வதே புத்திசாலித்தனம்.

வாட்-மணி எண் பவர் பேங்க்கின் உடம்பிலேயே படிக்கும்படி அச்சிடப்பட்டிருக்க வேண்டும். பையில் உரசி உரசி எழுத்து அழிந்துபோனால், பாதுகாப்புச் சோதனையில் அதிகாரி அதை எடுத்து வைத்துவிடலாம். அவரிடம் வாதாடிப் பயனில்லை, அவருக்கு வேறு ஆதாரம் கிடையாது. வாங்கிய அன்றே அந்த இடத்தில் ஒரு துண்டு ஒளிபுகும் டேப் ஒட்டிவிடுங்கள். சீனாவில் உள்நாட்டு விமானம் ஏறுவதாக இருந்தால் கூடுதலாக ஒன்று: 2025 ஜூன் 28 முதல் அங்கே 3சி முத்திரை இல்லாத பவர் பேங்க்கை ஏற்றுவதில்லை. விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பயணத்துக்கு முதல் நாள் விமான நிறுவனத்தின் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விமானத்துக்குள் பயன்படுத்த முடியாது என்றால் பிறகு எதற்கு என்று கேட்கலாம். பேருந்தும் காத்திருப்பும்தான் பதில். விமானம் ஏறும் முன் வாசலில் உட்கார்ந்து ஸ்டீம் டெக்கை முழுசாக நிரப்பிக்கொண்டால், இரண்டரை மணி நேரத்தை அது தானே பார்த்துக்கொள்ளும்.

எடை பொய் சொல்லாது

எண்ணை எப்படி வேண்டுமானாலும் அச்சிடலாம், எடையை அச்சிட முடியாது. சந்தையில் கிடைக்கும் உருளை வடிவ 18650 செல் ஒன்று அதிகபட்சம் 3,500 எம்ஏஎச் அளவில்தான் இருக்கும், எடை 45 முதல் 50 கிராம். 20,000 எம்ஏஎச்சுக்கு ஆறு செல் வேண்டும், செல் மட்டுமே கிட்டத்தட்ட 290 கிராம். தட்டையான பாலிமர் செல்லும் இதிலிருந்து பெரிதாக விலகாது. மேலுறை, சர்க்யூட் எல்லாம் சேர்த்து 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 350 கிராம் பக்கம் இருப்பது வழக்கம். 280 கிராமுக்குக் கீழே என்றால் சந்தேகப்படுங்கள்.

இப்போது அந்த 50,000 எம்ஏஎச் விளம்பரத்துக்குப் போங்கள். குறைந்தது பதினைந்து செல் வேண்டும், செல் மட்டும் 700 கிராமுக்கு மேல். விளம்பரத்தில் பொருளின் எடை 300 கிராம் என்று அவர்களே எழுதியிருப்பார்கள்! அந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாலே போதும். சமையலறைத் தராசு இருந்தால் பொருள் வந்த அன்றே நிறுத்துப் பார்த்து, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் நேரில் வாங்குவதாக இருந்தால், "அண்ணே, இது எத்தனை வாட்-மணி?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பெட்டியைத் திருப்பி எண்ணைக் காட்டுபவரிடம் வாங்கலாம். "எல்லாம் பவர்ஃபுல்தான் தம்பி" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வீட்டில் வைத்திருப்பது பற்றி

ஹுத்தான் மெலிந்தாங், ஜெண்டராத்தா பக்கம் பழைய பலகை வீடுகள் இன்னும் இருக்கின்றன. படுக்கைக்குப் பக்கத்தில், தலையணைக்கு அடியில் பவர் பேங்க்கை இரவு முழுவதும் சார்ஜில் விட்டுவிட்டுத் தூங்கும் பழக்கமும் இருக்கிறது. இதைப் பற்றி வெளிப்படையாகவே பேச வேண்டும்.

லித்தியம்-அயன் செல்லுக்குள் நேர்முனையையும் எதிர்முனையையும் பிரிப்பது முடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். அது கிழிந்தாலோ உருகினாலோ இரண்டும் தொட்டுக்கொள்ளும், சூடு ஏறும், அந்தச் சூடு இன்னும் அதிகச் சூட்டை உண்டாக்கும். உள்ளே இருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது. ஒரு செல் போனால் பக்கத்து செல்லையும் இழுத்துக்கொண்டு போகும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க்கில் ஆறு செல் என்றால் ஆறு வாய்ப்பு.

படலம் கெடுவதற்குப் பொதுவான காரணங்கள் மூன்று: தயாரிப்பில் குறை, கீழே விழுந்து நசுங்குவது, வெப்பம். முதலாவது நம் கையில் இல்லை. பெரிய பெயர் கொண்ட நிறுவனம் என்பதும் முழு உத்தரவாதம் இல்லை. 2025 ஜூனில் ஆங்கர் நிறுவனம் தனது பவர்கோர் 10000 வகையை அமெரிக்காவில் மட்டும் சுமார் 11 லட்சத்து 58 ஆயிரம் எண்ணிக்கையில் திரும்பப் பெற்றது. அதே மாதம் சீனாவின் ரோமோஸ் 4 லட்சத்து 91 ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது. ஆனாலும் பெயர் தெரிந்த நிறுவனத்துக்கு ஒரு பலன் உண்டு: சீரியல் எண்ணை அவர்கள் தளத்தில் போட்டுப் பார்க்கலாம், குறை இருந்தால் மாற்றித் தருவார்கள். பெயரே இல்லாத பொருளை யார் திரும்ப அழைப்பது?

வெப்பம் நம் கையில்தான் இருக்கிறது. பொதுவாக 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் லித்தியம்-அயன் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது. நம் ஊர் மதிய வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு அதைச் சுலபமாகத் தாண்டும். மோட்டார்சைக்கிள் சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியும் அப்படித்தான். கீழே இன்ஜின், மேலே வெயில். வேலைக்குப் போகும்போது பவர் பேங்க்கை அதில் போட்டுவிட்டுப் போவது வேண்டாம். சார்ஜ் செய்யும்போது மெத்தை, சோபா, துணி மேல் வைக்காமல் சிமெண்டுத் தரையில் வையுங்கள், ஆள் விழித்திருக்கும்போது செய்யுங்கள். சுவரில் செருகும் சார்ஜரில் சிரிம்-எஸ்டி லேபல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சில தோட்டங்களில் ஜெனரேட்டர் இரவில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் நின்றுவிடும், அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். விளக்கை எங்கே வைப்பது, எதன் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதில் அவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள். நெருப்பு கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் பயம் இருந்தது. பவர் பேங்க்கில் அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

கரண்ட் போனால்?

மழைக் காலத்தில் மின்தடைக்காகவும் பலர் பெரிய பவர் பேங்க் தேடுகிறார்கள். தெனாகாவின் 15454 எண்ணுக்கு அழைத்துவிட்டுக் காத்திருக்கும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு, கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் 20,000 எம்ஏஎச் தாராளம். வைஃபை ரவுட்டரையும் ஓட்டலாம். பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட், 10 வாட் அளவில்தான் எடுக்கும். அதற்கு 12 வோல்ட் தரும் தனிக் கேபிள் வேண்டும். உங்கள் பவர் பேங்க் 12 வோல்ட்டை ஆதரிக்கிறதா என்று பட்டியலில் பாருங்கள். பிடி முறையில் அது கட்டாயம் இல்லாத அளவு, சிலதில் இருக்காது. ஃபைபர் இணைப்பு என்றால் சுவரில் உள்ள மோடத்துக்கும் தனியாக மின்சாரம் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மின்விசிறி, சோற்றுப் பானை வரை ஓட்ட வேண்டும் என்றால் அது பவர் பேங்க் வேலை இல்லை. எல்எஃப்பி பேட்டரி கொண்ட பவர் ஸ்டேஷன் என்று வேறு வகை இருக்கிறது. கனமானது, விமானத்துக்கு ஆகாது, ஆனால் வெப்பத்தை நன்றாகத் தாங்கும், அதிக ஆண்டு உழைக்கும். வீட்டுக்கு ஒன்று, பைக்கு ஒன்று என்று பிரித்து யோசிப்பது நல்லது. இரண்டையும் ஒன்றிலேயே தேடுபவர்கள்தான் அந்த 80,000 எம்ஏஎச் வலையில் விழுகிறார்கள்.

ஆக, என்ன வாங்கலாம்? சுவிட்ச், கைப்பேசி மட்டும் என்றால் 10,000 எம்ஏஎச், 30 வாட் போதும். சட்டைப் பைக்குள் அடங்கும். ஸ்டீம் டெக்கும் மெல்லிய மடிக்கணினியும் என்றால் 20,000 எம்ஏஎச், ஒரே துளையில் 65 வாட். பலருக்கும் பொருந்துவது இதுதான், இதற்கு மேல் செலவழிக்கும் முன் இரண்டு தடவை யோசியுங்கள். அலை எக்ஸ் அல்லது 15 அங்குல மடிக்கணினி வைத்திருந்தால் 25,000 முதல் 27,000, ஒரே துளையில் 100 வாட், கூடவே 5 ஆம்பியர் கேபிள். எடை அரை கிலோவுக்கு மேல் போகும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஏமாந்துவிட்டால் எங்கே போவது?

சொன்ன அளவு இல்லாத பொருளை விற்பது வெறும் "ஆன்லைன் ரிஸ்க்" இல்லை. 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின் கீழ், பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் தருவது குற்றம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சான கேபிடிஎன்னிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம். பணத்தைத் திரும்பப் பெற மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. முதலில் இணையக் கடையின் திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் முயற்சி செய்யுங்கள். "பொருள் கிடைத்தது" என்ற பொத்தானை அழுத்தும் முன் நிறுத்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, தராசில் எடுத்த படம், மூன்றும் கையில் இருந்தால் உங்கள் பேச்சுக்குப் பலம் கூடும்.

பழையது வீங்கிவிட்டால்

மேலுறை உப்பியிருந்தால், சார்ஜ் செய்யாமலே சூடாக இருந்தால், இனிப்பு கலந்த ரசாயன வாடை வந்தால், அன்றோடு அதன் வேலை முடிந்தது. அமுக்கிப் பார்க்கக் கூடாது, ஊசியால் குத்தக் கூடாது, "இன்னும் ஒரு வாரம் ஓடும்" என்று தம்பியிடம் கொடுக்கவும் கூடாது. எரியும் பொருள் இல்லாத இடத்தில், வீட்டுக்கு வெளியே, மழை படாமல் ஒரு உலோகப் பாத்திரத்தில் வைத்துவிடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை லாரியில் நசுங்கும்போது தீப்பிடிக்கும். அதனால் சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த மின்கழிவுச் சேகரிப்பு இடத்தில் ஒப்படைக்க வேண்டும். சில கைப்பேசிக் கடைகளும் பேரங்காடிகளும் இதற்கென்று பெட்டி வைத்திருக்கின்றன.

புகையோ தீயோ வந்துவிட்டால், அதைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டாம். புகை நச்சானது, செல்கள் ஒன்றன் பின் ஒன்றாக வெடிக்கக்கூடும். வீட்டில் இருப்பவர்களை முதலில் வெளியேற்றுங்கள், கதவைச் சாத்துங்கள், 999-க்கு அழையுங்கள். தீ அடங்கிய மாதிரி இருந்தாலும் சூடு உள்ளே இருந்தால் மறுபடி பிடிக்கும். பொம்பா வந்து பார்த்துச் சொல்லும்வரை யாரும் உள்ளே போக வேண்டாம்.